மொட்டை அன்னக்கொடி

எழுமலைச் சந்தையில் நின்று அன்னக்கொடி வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். அந்தப் பேரில் அங்கே தெருவுக்கு ஒருத்தி இருந்தாள். மொட்டை அன்னக்கொடி வீடு என்று கேட்டால்தான் எல்லாக் கையும் ஒரே பக்கம் நீளும். கையோடு கதையும் வரும். “என்ன நேர்த்திக்கடனோ, வருசம் பூரா மொட்டைதான்” என்று அன்னக்கொடியில் ஆரம்பித்து அவள் மகள் தலையில் கொண்டுவந்து முடிப்பார்கள்.

ஊர் சொன்ன கதையில் பாதி தப்பு. அவளுக்கு நேர்த்திக்கடன் ஒன்றும் பாக்கி இல்லை. சாமி கோயில் இருக்கிற திசையில் அவள் தலைவைத்துப் படுப்பதைக்கூட விட்டு வெகுகாலம் ஆயிற்று.

கருத்தக்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அள்ளிச் செருகினால் தேங்காய்ப் பருமனுக்குக் கொண்டை நிற்கும். வானம் பார்த்த பூமியில் சோளமும் பருத்தியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். ஒரு குறையும் இல்லை என்று சொல்லலாம், வயிற்றில் வந்தது தங்கியிருந்தால். வந்ததெல்லாம் கலைந்து கலைந்து போயிற்று. நல்லது கெட்டதுக்குப் போன இடத்திலெல்லாம் சொந்தக்காரிகள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு மாசிச் சிவராத்திரிக்கு, புருஷன் வீட்டுக் குலசாமி கோயிலில் முந்தானையை ஏந்தி நின்றாள். பிள்ளை தங்கினால் முதல் முடி உனக்கு, அதுவரைக்கும் அந்தத் தலையில் கத்தி படாது, கத்திரி படாது என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள். அடுத்த சிவராத்திரிக்குத் தங்கப்பொண்ணு மடியில் இருந்தாள்.

மற்ற வீடுகளில் வருஷம் திரும்புவதற்குள் முடியிறக்கிக் காது குத்திவிடுவார்கள். இவர்கள் வீட்டில் அது நடக்கவில்லை. சிவராத்திரிக்குச் சாமி நகைகள் இருக்கிற சாமிப்பெட்டியை முதலில் யார் தலையில் தூக்குவது என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்து, மண்டைகள் உடைந்து, கோயிலைப் பூட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் கருத்தக்கண்ணன் நின்றான். எதிர்ப்பக்கம் அவன் பெரியப்பா மகன் உக்கிரபாண்டி. சாவி உக்கிரபாண்டி வீட்டில் மாட்டிக்கொண்டது. ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கக் கூடாது என்று ஆயிற்று. ஆம்பளைகள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். அந்த வீம்பைச் சுமந்தது ஒரு பச்சைப்பிள்ளையின் தலை.

தங்கப்பொண்ணுக்கு நடை வந்தது, பேச்சு வந்தது, முடி மட்டும் இறங்கவில்லை. எண்ணெய் வைத்தால் சிக்கு, வைக்காவிட்டால் சடை. பேன் வேறு. சித்திரை வெயிலில் பிள்ளை தலையைப் பிய்த்துக்கொண்டு அழும். “கொஞ்சம் பொறுத்துக்க சாமி, கோயில் தெறக்கட்டும்” என்பாள் அன்னக்கொடி. சடையைப் பின்னிச் சிவப்பு நூல் கட்டிவிடுவாள். பின்ன முடியாத அளவுக்கு ஆனபோது அப்படியே அள்ளிக் கட்டிவிட்டாள்.

அந்த வருஷம் கிடேரிக் கன்று ஒன்று வாங்கினார்கள். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் அதற்குச் சாம்பல் பூத்த மாதிரி வட்ட வட்டமாகப் பொருக்கு. கன்றுக்கு வருகிற சொறிதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கப்பொண்ணுக்குக் கன்று என்றால் உயிர். கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போவாள்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் பிள்ளையின் உச்சந்தலையில் ரூபாய் அகலத்துக்குச் செதில் உதிர ஆரம்பித்தது. அந்த இடத்தில் முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளியாக நின்றது. பொடுகு என்று அன்னக்கொடி வேப்பெண்ணெய் தடவினாள். பக்கத்து வீட்டு ராமக்காள் வந்து பார்த்துவிட்டு, “இது புழுவெட்டுடி. சின்ன வெங்காயத்த நறுக்கி நல்லா அழுத்தித் தேயி, புழு செத்துரும்” என்றாள். தேய்க்கத் தேய்க்கப் பிள்ளை வீரிட்டது. எரிச்சல் இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று இருவரும் நம்பினார்கள். தை பிறப்பதற்குள் அந்த இடம் பழுத்த கொய்யா மாதிரி மெத்தென்று வீங்கி, கண்கண்ணாகச் சீழ் கசிந்தது. கழுத்தில் நெறி கட்டியது. காய்ச்சல் வந்தது. முடியைத் தொட்டாலே கொத்தாகக் கையோடு வந்தது.

மதுரைக்கு பஸ் ஏறினார்கள். பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா, முன்பு பார்த்துப் பழகியவர் போலப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இரண்டு மூன்று முடியைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு கேட்டார்.

“வீட்ல மாடு கன்னு இருக்கா?”

“கன்னுக்குட்டி இருக்கு தாயி.”

“அது மேல வட்ட வட்டமாப் பொருக்கு இருக்குதா?”

அன்னக்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அங்கருந்துதான் வந்திருக்கு. இது புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. பூசணம்மா. பழைய தோல் செருப்பு மழைக்காலத்துல பூத்துப்போகுதுல்ல, அந்தச் சாதி. உடம்புல வந்தா படர்தாமரைன்னு சொல்றோம். தலையில வந்தா முடி வேருக்குள்ள இறங்கிரும். நீ எண்ணெய் தடவு, வெங்காயம் தேயி, எதுவும் அம்புட்டு ஆழத்துக்குப் போகாது. மாத்திரைதான் போகும். சாப்பிட்டதும் பாலோட குடு, நெய் இருந்தா நெய்ச்சோறு குடு, அப்பத்தான் மருந்து உடம்புல சேரும். ரெண்டு மாசத்துக்குக் குறையாது. வீக்கம் வடிஞ்சாலும் நிறுத்தக் கூடாது. வேருக்குள்ள இருக்கறது வெளிய தெரியாது.”

அன்னக்கொடி தலையை ஆட்டினாள்.

“கட்டின்னு நெனச்சு யாரும் கீறிவிடக் கூடாது. சீப்பு, துண்டு, தலகாணி பிள்ளைக்குத் தனி. கன்ன மாட்டாஸ்பத்திரியில காட்டுங்க. இப்ப முடிய ஒட்ட வெட்டிருவோம். இந்தச் சடைக்குள்ள எப்படி மருந்து போட்டுக் கழுவறது?”

அப்போதுதான் அன்னக்கொடி பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “முடிய மட்டும் தொடாதீங்க தாயி. சாமிக்கு நேந்தது.”

டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். நாள்பட்டால் தழும்பாகிவிடும், தழும்பில் முடி முளைக்காது, பெண்பிள்ளை ஆயிற்றே என்றார். கடைசியில் அவர் மாத்திரையைக் கையில் கொடுத்து, “சாமி ஒண்ணும் சொல்லாதும்மா. இதையாவது விடாம குடு” என்றார். அந்தச் சொல்லை அன்னக்கொடி பிற்பாடு எத்தனையோ தடவை காதுக்குள் கேட்டாள்.

ஊர் திரும்பினாள். கன்றைக் கொல்லையின் மறுகோடியில் கட்டினாள். சீப்பைத் தனியாக வைத்தாள், துணியைக் கொதிக்கவைத்தாள். சோறு ஊட்டிய கையோடு பாலில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள். பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் விட்டது. வீக்கம் பாதிக்கு வற்றியது. பிள்ளை மறுபடி சிரித்தது. மருந்து கேட்கிறது என்று தெரிந்ததும், முடி இறக்கிவிட்டால் முழுசாகச் சரியாகிவிடும் என்ற அவசரம் அவளுக்கு வந்தது. புருஷனிடம் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உக்கிரபாண்டி வாசலுக்குப் போய் நின்றாள்.

“மச்சான், சாவியக் குடுங்க. பிள்ளை தலையைப் பாருங்க. ஒரு நாழி தெறந்து மூடினாப் போதும்.”

உக்கிரபாண்டி பிள்ளையின் தலையைப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது உண்மை. “என்னத்தா இது, இம்புட்டுப் பெருசா!” என்றான். “நெனச்ச நேரத்துல தெறக்க அது தட்டுமுட்டுச் சாமான் போடுற வீடா? சிவராத்திரி வருதுல்ல, அன்னிக்குத் தெறப்போம். உன் புருசனும் வரட்டும். பெட்டி யாரும் தூக்க வேணாம். பூசையப் போட்டு, பிள்ளைக்கு முடியெறக்கிட்டு வந்துருவோம்.”

அத்தனை வருஷப் பகையை ஒரு பிள்ளையின் புண் தீர்த்துவைத்தது. அன்னக்கொடி அவன் காலில் விழுந்து கும்பிட்டாள். சிவராத்திரிக்கு இன்னும் நாள் கிடந்தது. வழக்கப்படி தாய்க்கும் பிள்ளைக்கும் காப்புக் கட்டினார்கள்.

இங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. உக்கிரபாண்டி சொல்லவில்லை, கருத்தக்கண்ணன் சொல்லவில்லை, ராமக்காள்கூடச் சொல்லவில்லை. காப்புக் கட்டிய கையால் சாமிக்கு ஆகாததைத் தொடக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டில் பழகிய பழக்கம். மாத்திரையில் எதன் கொழுப்பு கலந்திருக்கிறதோ என்று அவளாகவே நினைத்தாள். வீக்கமும் வற்றியிருந்தது. கதவைத் திறக்கவைத்த சாமி மிச்சத்தையும் பார்த்துக்கொள்ளாதா? மாத்திரையைத் துணியில் முடிந்து பரணில் வைத்துவிட்டு, பிள்ளைக்குத் திருநீறு பூசினாள். மாத்திரை இல்லாத பால் எதற்கு என்று பாலையும் நிறுத்தினாள்.

சடைக்குள், திருநீற்றுக்கு அடியில், அது மறுபடி கிளம்பியது. முதல் தடவையைவிட மோசமாகக் கிளம்பியது. கோயிலுக்குப் போகும் நாளில் பிள்ளையால் தலையைத் தூக்க முடியவில்லை. முடியிறக்க வந்த சோணைமுத்து சடையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

“தாயி, இதுல கத்தி படக் கூடாது. பேருக்கு ஓரத்துல ஒரு கத்தை எடுத்துக்குவோம்.”

பங்காளிகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். குறை முடி ஆகாது என்று ஒரு குரல். வேண்டுதலில் கஞ்சத்தனமா என்று இன்னொரு குரல். சோணைமுத்து அன்னக்கொடியைப் பார்த்தார். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். முந்தானையை ஏந்தியவள் அவள்தானே. “எடுங்க அண்ணே” என்றாள்.

பிள்ளை போட்ட சத்தத்தில் வேலமரத்துக் குருவிகள் கலைந்து பறந்தன. முடி இறங்கியது. சீழும் ரத்தமும் சேர்ந்து இறங்கியது. சாமிக்குக் கொடுத்த சொல் குறைவில்லாமல் நிறைவேறியது.

மறுபடி மதுரை. “மாத்திரைய ஏம்மா நிறுத்துன?” என்று டாக்டரம்மா கேட்டார். “காப்புக் கட்டியிருந்துச்சு தாயி” என்றாள் அன்னக்கொடி. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையைப் படுக்கவைத்துப் புண்ணைக் கழுவி, மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அன்னக்கொடி ஒரு வேளை தப்பவில்லை. பக்கத்து வீட்டில் பால் வாங்கிக் கொடுத்தாள், நெய் வாங்கி ஊற்றினாள். நோய் ஒழிந்தது. சுற்றிலும் கருகருவென்று முடி முளைத்தது. உச்சியில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மினுமினுத்துக் கிடந்தது. “அங்க இனிமே வேர் இல்லம்மா. வேர் போன எடத்துக்கு எங்ககிட்ட மருந்து கெடையாது” என்றார் டாக்டரம்மா.

பஸ் எழுமலையில் வந்து நின்றது. பிள்ளையை ராமக்காளிடம் விட்டுவிட்டு, அன்னக்கொடி நேராகச் சோணைமுத்துவிடம் போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். “யாருக்குத் தாயி?” என்று அவர் கேட்டார். அவள் தலையைக் குனிந்து காட்டினாள். அன்றைக்குப் போன முடிதான். விரல் நுனிக்கு வளர்ந்தால் போதும், போய் உட்கார்ந்துவிடுவாள். கருத்தக்கண்ணன் முதலில் சத்தம் போட்டான். “நான் உசுரோட இருக்கையில மொட்டையடிச்சிக்கிட்டுத் திரியிறியே, ஊரு என்ன பேசும்?” ஊர் பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளுக்கு இல்லாதது தனக்கு எதற்கு என்பதுதான் அவள் நினைப்பு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும்தான்.

தங்கப்பொண்ணு வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் சில வருஷம் அவளுக்கு ‘வழுக்கை’ என்றுதான் பேர். அழுதாள், அடித்தாள், பிறகு தந்திரம் கற்றுக்கொண்டாள். இடப்பக்கத்து முடியை நீளமாக வளர்த்து, உச்சிக்கு மேலே கொண்டுவந்து, வலது காதோரம் கொண்டை ஊசி குத்தி, மேலே கனகாம்பரம் வைத்துவிடுவாள். காற்றடித்தால் கை தானாகத் தலைக்குப் போகும். தையல் படித்தாள். அங்கே அவளோடு படித்த பிள்ளைகளுக்கு அந்த விஷயமே தெரியாது. மறக்க நினைத்தவர்கள் மறந்தார்கள். ஆனால் அன்னக்கொடி தெருவில் நடக்கும்போதெல்லாம் மறந்தவர்களுக்கும் ஞாபகம் வந்தது. அது அன்னக்கொடிக்கு உறைக்கவில்லை.

எண்பத்தாறில் ஒத்தக்கடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் மலையாண்டி போட்டோவை முன்பே காட்டியிருந்தார், அவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி டீக்கடையில் கருத்தக்கண்ணன் வீடு எது என்று விசாரித்திருக்கிறார்கள். “எந்தக் கருத்தக்கண்ணன்? மொட்டை அன்னக்கொடி புருசனா?” என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். கதை முழுசும் அங்கேயே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை தங்கப்பொண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, இனிமையாகத்தான் கேட்டாள்.

“பூவ எடுத்துட்டுக் கொண்டைய அவுத்துக் காட்டு ஆத்தா. பாத்துக்கிட்டா ஆச்சு.”

தங்கப்பொண்ணு அன்னக்கொடியைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு ஊசியாக எடுத்தாள். அத்தை எட்டிப் பார்த்தாள். “சரி, கட்டிக்க” என்றாள். போய்ச் சேர்ந்து சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அன்னக்கொடி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். “பாவி நான், என்னாலதான் எல்லாம்” என்றாள். தங்கப்பொண்ணு எச்சில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

“என்னால என்னாலன்னு எத்தனை வருசமாம்மா இந்தக் கூத்து? நான் மறைச்சு வச்சிருக்கறத நீ உன் தலையில எழுதி ஊர் பூராச் சொமந்துக்கிட்டுத் திரியிற. இப்ப என்னையப் பாத்து எவனும் வழுக்கைன்னு சொல்லல. உன்னையப் பாத்துத்தான் சொல்றான். உனக்குப் பாவம் தீரணும்னு மொட்டை போட்டுக்கிட்ட. எனக்கு என்ன தீந்துச்சு?”

அன்னக்கொடிக்கு அழுகை அப்படியே நின்றுபோயிற்று. தான் மகளோடு சேர்ந்து சுமப்பதாக அவள் அத்தனை காலம் நினைத்திருந்தாள். மகள் முதுகில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலில் ஒரு தடவை கத்தி போடச் சொன்னவள் தான்தான். சோணைமுத்துவிடம் போய் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் மகள் தலையில் கத்தி போடச் சொன்னவளும் தான்தான்.

அடுத்த மாதம் தங்கப்பொண்ணு மதுரைக்குப் போனாள். ஆனையூரில் ஒரு ரெடிமேட் தையல் கம்பெனியில் வேலை, கூட வேலை பார்க்கிற பிள்ளைகளோடு ஒரு வாடகை அறை. பஸ் ஏற்றிவிட வந்த அன்னக்கொடி, “எப்ப வந்து பாக்கட்டும்?” என்று கேட்டாள்.

“முடி வளந்தப்புறம் வா.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை விட்டதும் வா என்கிற மாதிரிதான் சொன்னாள்.

சோணைமுத்து எதிரில் வந்தால் அன்னக்கொடி இப்போது வேறு சந்தில் திரும்பினாள். முதலில் முள்முள்ளாகக் குத்தியது. முந்தானையால் மூடிக்கொண்டு வயலுக்குப் போனாள். விளக்கெண்ணெய் தடவினாள். காலையில் எழுந்ததும் கை முதலில் தலைக்குத்தான் போகும். மகளுக்கும் காற்றடித்தால் கை இப்படித்தானே போகும் என்று நினைத்துக்கொள்வாள். கருத்தக்கண்ணன் ஒருமுறை மட்டும், “ஆனையூருக்கு நான் போய்ப் பாத்துட்டு வாரேன், நீயும் வாரியா?” என்றான். “இன்னும் ஆகல” என்றாள். முடி காதைத் தொட்டது, கழுத்தைத் தொட்டது. பாதி நரைத்திருந்தாலும் அடர்த்தி குறையவில்லை. சின்னதாக ஒரு கொண்டை நின்றதும் பஸ் ஏறினாள்.

ஆனையூரில் தெரு விசாரித்துப் போனபோது யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தக் கையும் நீளவில்லை, எந்தக் கதையும் வரவில்லை. அது அவளுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது. தங்கப்பொண்ணு வாசலுக்கு ஓடிவந்து பையை வாங்கினாள். அம்மாவின் தலையை ஒருகணம் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தாள்.

“யாரு தங்கம், உங்க அம்மாவா?”

“ஆமாக்கா.”

வீட்டுக்காரம்மா அன்னக்கொடியை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். “அதான பாத்தேன். இந்த வயசுலயும் எம்புட்டு அடர்த்தியா இருக்கு உங்களுக்கு! மகளுக்கும் அப்படியே உங்க முடிதான்.”

தங்கப்பொண்ணின் கை கனகாம்பரத்துக்குப் போயிற்று. அன்னக்கொடி அந்தக் கையைப் பார்த்தாள்.

“ஆமா தாயி,” என்றாள், “எங்க வீட்டு வாகு அப்படி.”